புதுப்பிப்பு: டிராஃப்டின் கடைசித் தேர்வுகளில் யாரை எடுப்பது?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 20-வது தேர்வுக்குப் பிறகு மூன்று நான்கு வருடம் கல்லூரியில் ஆடியவர்களையே எடுக்க வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். பலர் இளம் வீரர்கள் பக்கம் நின்றீர்கள். சரி, டென்வர் அணியின் 2022 தேர்வுகளைப் பார்ப்போம்.

21-வதாக கிறிஸ்டியன் பிரான். கான்சஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் ஆடி, அந்த ஏப்ரலில் கல்லூரிச் சாம்பியன் ஆனவர். அடுத்த ஜூனில் என்பிஏ இறுதித் தொடரின் 3-வது ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து வந்து 15 புள்ளிகள் எடுத்தார். என்ன நிதானம்!

30-வதாக பெய்டன் வாட்சன். யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் ஒரே வருடம், ஆட்டத்துக்குச் சராசரி 3.3 புள்ளிகள். முதல் சீசனில் அதிகம் களமிறங்கவில்லை. அப்புறம்தான் எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிடும் தடுப்பாட்டக்காரராகத் தேறினார்.

ஆனால் அந்த 30-வது இடத்தோடு முதல் சுற்று முடிகிறது. அதுவரை எடுக்கப்படுபவருக்கு இரண்டு வருட ஒப்பந்தம் உறுதி, காத்திருக்கலாம். இரண்டாம் சுற்றில் அந்த உத்தரவாதம் கிடையாது, பொறுமையும் குறைவு. அங்கே என் ஓட்டு இன்னமும் பக்குவப்பட்டவர்களுக்கே. வில்லனோவா பல்கலைக்கழக அணியில் இரண்டு சாம்பியன் பட்டம் வென்ற ஜேலன் பிரன்சன் 2018-இல் 33-வதாகத்தான் போனார். 2016-இல் 36-வதாகப் போன வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மால்கம் பிராக்டன் அந்த சீசனின் சிறந்த புதுமுகம்.