உதவி: ஐந்து வங்கிக் கணக்கையும் ஒன்றாகப் பார்க்க எந்த மென்பொருள்? அண்ணாவின் காசும் என் வருமானமாக ஏறுகிறது

உப்புவெளி டீச்சர்:
வணக்கம். திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். என் பொறுப்பில் ஐந்து கணக்குகள். ஒன்றில் சம்பளம் வருகிறது. வீடு கட்டும் வேலைக்கென்று வேறொரு வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறேன். மகளின் பேரில் தேசிய சேமிப்பு வங்கியில் ஒன்று. அப்பாவின் பென்ஷன் வருவது அவரும் நானும் சேர்ந்து திறந்த கணக்குக்கு, அதற்குப் பாஸ்புக் மட்டும்தான். ஐந்தாவது ஒரு நிலையான வைப்பு. அதன் வட்டி மாதாமாதம் சம்பளக் கணக்குக்கு வந்துவிடும்.

கட்டாரில் இருக்கும் அண்ணா வீடு கட்ட அனுப்பும் காசும் சம்பளக் கணக்குக்குத்தான் வருகிறது. அதில் இருந்து வீட்டு வேலைக் கணக்குக்கு மாற்றி, மேசனுக்கும் ஹார்ட்வெயார் கடைக்கும் கொடுக்கிறேன்.

வங்கி மெசேஜ்களை வாசித்துத் தானாகக் கணக்கு எழுதும் ஒரு அப் போனில் போட்டிருந்தேன். மார்ச் மாத வருமானம் 445,600 என்று காட்டியது. சம்பளம் 72,000, வட்டி 3,600, அண்ணா அனுப்பியது 200,000. அந்த 200,000இல் நான் மாற்றிய 150,000 இரண்டாவது வங்கியில் 'வரவு' என்று வந்ததும் அது ஒரு வருமானம். மகளின் கணக்குக்குப் போட்ட 20,000 இன்னொரு வருமானம்.

போன வெள்ளி அண்ணா எடுத்து, "இதுவரைக்கும் எவ்வளவு முடிஞ்சது, கையில எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். பில்களைப் போட்டு வைத்த பிஸ்கட் டின்னைக் கொட்டி இரவு ஒரு மணி வரைக்கும் கூட்டினேன், சரிவரவில்லை. அவர் வெயிலில் உழைக்கும் காசு அது. காசு கொடுத்து வாங்குவது என்றாலும் பரவாயில்லை, ஒரு நல்ல மென்பொருள் சொல்லுங்கள்.

கிண்ணியா நிசாம்:
டீச்சர், முதல் வேலையா அந்த அப்புக்கு மெசேஜ் வாசிக்கக் குடுத்த அனுமதிய எடுத்து விடுங்க. வங்கி அனுப்பிற ஓடிபி இலக்கமும் மெசேஜாத்தான் வருது. மெசேஜ் வாசிக்கிற அப் அதையும் வாசிக்கும். எந்த அப்புக்கும் ஒன்லைன் வங்கி பாஸ்வேர்டக் குடுக்கவும் வேணாம்.

வெளிநாட்டு ஆக்கள் புகழ்றதப் பாத்து வாங்கிராதீங்க. வங்கியோட நேரா இணைஞ்சு தானா இறக்கிற வசதி அவங்கட நாட்டு வங்கிகளுக்குத்தான். மிண்ட் எண்டு பேர்பெற்ற ஒண்டு இருந்தது, அமெரிக்க, கனடா வங்கிகளோட மட்டும் ஓடினது. அதையும் 2024 மார்ச்சில மூடிட்டாங்க. வைநாப் எண்ட பட்ஜெட் அப்புக்கு வருசா வருசம் சந்தா கட்டினாலும் நம்மட வங்கிக் கணக்க நாமதான் ஏத்தணும்.

உங்களிட்ட லப்டொப் இருக்கா? வங்கிகள் கணக்கறிக்கைய எப்படித் தருது, பிடிஎஃப்பா, எக்செல்லில திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பா?

உப்புவெளி டீச்சர்:
அனுமதியை எடுத்துவிட்டேன் தம்பி, ஓடிபியும் மெசேஜில்தான் வருகிறது என்பதை யோசிக்கவே இல்லை. விண்டோஸ் 10 லப்டொப் இருக்கிறது, பழசு, ரம் 4 ஜிபி. சம்பள வங்கியும் வீட்டு வேலை வங்கியும் சிஎஸ்வி தருகின்றன. மற்றவற்றைக் கையால்தான் எழுத வேண்டும்.

பழைய காசாளர்:
பிள்ளை, நான் கூட்டுறவுச் சங்கத்தில் 31 வருடம் காசாளராக இருந்தவன். மென்பொருளின் பெயர் பிறகு. உங்கள் கணக்கில் இருக்கும் காசு எல்லாம் உங்கள் காசு இல்லை. அதைப் பிரித்து எழுத இடம் தராத மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது.

அண்ணா 200,000 அனுப்பினால் உங்கள் வங்கியில் 200,000 கூடுகிறது, அதே நேரம் அண்ணாவுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிய தொகையும் 200,000 கூடுகிறது. அது வருமானம் இல்லை, பொறுப்பு. 64,000க்குச் சீமெந்தும் கம்பியும் எடுத்தால் வங்கியிலும் 64,000 குறையும், பொறுப்பிலும் 64,000 குறையும். உங்கள் செலவுப் பக்கத்துக்கு அது வரவே கூடாது. இரட்டைப் பதிவு என்று நாங்கள் பேரேட்டில் எழுதியது இதைத்தான்.

அப்படி எழுதக் கூடியது க்னூகாஷ். இலவசம், 1998இல் இருந்து இருக்கிறது, உங்கள் லப்டொப் தாங்கும். 'பொறுப்பு' என்பதன் கீழ் 'அண்ணாவின் வீட்டுக் காசு' என்று ஒரு கணக்குத் திறவுங்கள், பெயரைத் தமிழிலேயே எழுதலாம். அதற்குள் 'வந்தது', 'மேசன் கூலி', 'சீமெந்து கம்பி', 'மரவேலை' என்று உள்கணக்குகள் வையுங்கள். தாய்க் கணக்கில் தெரியும் தொகைதான் அண்ணா கேட்ட மீதி. உங்கள் இரண்டு வங்கிகளுக்கு இடையில் மாற்றுவதும் ஒரே ஒரு பதிவு: ஒன்றில் குறையும், மற்றதில் கூடும்.

வட்டியிலும் கவனம். 2025 ஏப்ரல் 1இல் இருந்து வட்டியில் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் வங்கி தருகிறது. அதற்கு முன் 5. உங்களுக்கு வரும் 3,600 உண்மையில் 4,000. 4,000ஐ வட்டி வருமானமாகவும் 400ஐப் பிடித்த வரியாகவும் ஒரே பதிவில் பிரித்து எழுதுங்கள். மார்ச் 31உடன் முடியும் வரி வருடத்துக்கு நவம்பர் 30க்குள் வருமான விபரத்திரட்டு கொடுக்க வேண்டி வந்தால் இந்த 400கள் எல்லாம் ஏற்கெனவே கட்டிய வரியாக உங்கள் பக்கம் நிற்கும்.

சீனக்குடா சுதன்:
ஐயா சொல்ற கணக்கு முறை சரி, ஆனா மென்பொருளில நான் ஒத்துக்கொள்ளமாட்டன். க்னூகாஷைத் திறந்தா கணக்குப் படிக்காத ஆக்கள் முதல் நாளே மூடிப் போடுவினம். என்ட மனுசிக்கு அப்பிடித்தான் ஆச்சு. இப்ப மணி மனேஜர் எக்ஸ் பாவிக்கிறம், அதுவும் இலவசம். எடுத்தது, போட்டது, மாற்றினது எண்டு மூண்டு வகைப் பதிவுதான். போனிலயும் இருக்கு.

அண்ணாட காசுக்கு 'அண்ணா' எண்டே ஒரு கணக்குத் திறவுங்கோ அக்கா. அவர் அனுப்பினா அண்ணா கணக்கில இருந்து சம்பளக் கணக்குக்கு 'மாற்றினது'. சீமெந்து வாங்கினா வேலைக் கணக்கில இருந்து அண்ணா கணக்குக்கு 'மாற்றினது'. அந்தக் கணக்கு கழித்தல் குறியோட காட்டிற தொகைதான் நீங்க குடுக்க இருக்கிறது. ஹோம்பாங்க் எண்ட இன்னொரு மென்பொருளையும் பார்த்தன், நல்லது, ஆனா அதுக்குள்ள சிஎஸ்வி ஏத்த அது கேக்கிற நிரல் ஒழுங்கிலயே கோப்பை மாத்திக் குடுக்க வேணும்.

அப்பாட பென்ஷனை உங்கட கணக்கோட கலக்க வேண்டாம், அதுக்குத் தனிக் கோப்பு. சகோதரங்கள் எப்பவாவது கேட்டா அந்த ஒரு கோப்பைத் திறந்து காட்டலாம்.

பழைய காசாளர்:
அப்பாவின் கணக்கைப் பற்றித் தம்பி சொல்வது என் யோசனையை விட நல்லது. தனிக் கோப்பாகவே வையுங்கள் பிள்ளை.

உப்புவெளி டீச்சர்:
இரண்டையும் இறக்கிப் பார்த்தேன். சுதன் தம்பி சொன்னது சுலபம்தான். ஆனால் மேசனுக்கு எவ்வளவு, மரத்துக்கு எவ்வளவு என்று உள்கணக்கில் பிரிந்து நிற்பது எனக்குப் பிடித்ததால் க்னூகாஷில் தொடங்கினேன்.

இப்போது ஒரு சிக்கல். சம்பள வங்கியின் மார்ச் சிஎஸ்வியை ஏற்றும்போது பல வரிகளில் பிழை காட்டியது, அவற்றைத் தவிர்த்துவிட்டு மீதியை ஏற்றினேன். பிறகு வீட்டு வேலை வங்கியின் சிஎஸ்வி ஏறியது, பிழை வரவில்லை. பார்த்தால் 25ஆம் திகதிச் சம்பளத்தைக் காணவில்லை. நான் மாற்றிய 150,000 இரண்டு தரம் நிற்கிறது, ஒன்று மார்ச் 7இல், மற்றது ஜூலை 3இல். ஜூலையில் நான் எதுவுமே மாற்றவில்லை.

கிண்ணியா நிசாம்:
டீச்சர், உங்கட சம்பள வங்கிக் கோப்பில 07/03 எண்டு இருக்கும். அத மாதம் முதல், நாள் பிறகு எண்டு வாசிச்சிருக்கு. அதுதான் மார்ச் 7, ஜூலை 3 ஆயிட்டு. 25ஆவது மாதம் எண்டு ஒண்டு இல்லாததால சம்பள வரி பிழையாயிட்டு. ஏத்துற திரையில திகதி ஒழுங்கு கேக்கிற இடத்தில நாள், மாதம், வருசம் எண்டு மாத்துங்க. தொகையில காற்புள்ளி இருந்தா எண் ஒழுங்கையும் பாருங்க.

இரட்டிச்சதும் அதாலதான். ஒரே தொகை கிட்டக்கிட்டத் திகதியில ஏற்கெனவே இருந்தா அதோட பொருத்தத்தான் பாக்கும். நாலு மாதம் தள்ளி இருந்ததால புதுசு எண்டு நினைச்சிட்டு. ஏத்தினதெல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்ல இருந்து ஏத்துங்க. ரெண்டாவது வங்கிய ஏத்தக்குள்ள ஒவ்வொரு வரிக்கும் ஏ, யூ+சி, சி எண்டு பெட்டி வரும். புதுசுக்கு ஏ. முதல் வங்கியில இருந்து ஏற்கெனவே வந்து நிக்கிறதுக்கு சி.

பழைய காசாளர்:
ஏற்றி முடிந்ததும் 'ரிகன்சைல்' என்பதைத் திறந்து, வங்கி அறிக்கையின் கடைசித் திகதியையும் கடைசி மீதியையும் கொடுங்கள். அறிக்கையில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் சரி போடுங்கள். கீழே வித்தியாசம் 0.00 ஆகும் வரை முடிக்க வேண்டாம். பாஸ்புக் கணக்குகளுக்கும் பாஸ்புக்கில் பதிந்துகொண்டு வந்து இதையே செய்யுங்கள்.

உப்புவெளி டீச்சர்:
திகதியை மாற்றியதும் எல்லா வரியும் ஏறிவிட்டது, 150,000 ஒன்றாகிவிட்டது. சம்பளக் கணக்கில் வித்தியாசம் 60.00 என்று நின்றது. அரை மணித்தியாலம் தேடினேன். வேறு வங்கிக்கு மாற்றிய இரண்டு தரமும் பிடித்த 30 ரூபாய்க் கட்டணங்கள்! அவற்றை மாற்றிய தொகைகளுடன் ஒன்று என்று நினைத்து நான்தான் ஏற்றாமல் விட்டிருந்தேன். எழுதியதும் 0.00.

கோப்பை கூகிள் டிரைவில் வைக்கலாமா? கோப்புறைக்குள் நீளமான இலக்கங்களோடு ஒரே பெயரில் நிறையக் கோப்புகள் தெரிகின்றன.

சீனக்குடா சுதன்:
இலக்கம் உள்ளது எல்லாம் அது தானா எடுக்கிற பழைய பிரதிகள் அக்கா, திறக்க வேண்டியது இலக்கம் இல்லாததை. கோப்பை லப்டொப்பிலேயே வைச்சு, வேலை முடிஞ்சு மூடினாப் பிறகு ஒரு பிரதியை டிரைவுக்கும் பென் டிரைவுக்கும் போடுங்கோ. ஒரே கோப்பை ரெண்டு கொம்பியூட்டரில ஒரே நேரத்தில திறக்கவே கூடாது.

உப்புவெளி டீச்சர்:
நவம்பரில் இருந்து ஐந்து மாதத்தையும் எழுதி முடித்துவிட்டேன். அண்ணா அனுப்பியது 950,000, செலவு 871,450, மீதி 78,550. ஆனால் வீட்டு வேலைக் கணக்கில் இருப்பது 41,550தான். மிச்ச 37,000 மாற்றப்படாமல் என் சம்பளக் கணக்கிலேயே கிடந்திருக்கிறது. அதை என் காசு என்று நினைத்து இந்த மாதம் மகளின் ரியூஷனுக்கு எடுக்க இருந்தேன்.

நேற்று அண்ணாவிடம் சொன்னேன். "அதை வச்சு அவளுக்குக் கட்டு" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. காலையிலேயே 37,000ஐ மாற்றிவிட்டேன். கட்டணம் 30 என் செலவில் எழுதியிருக்கிறேன்.