ஆராதனையில ஃபோன் வழியா பதில் வாங்குறது எப்படி? 180 பேர், தகரக் கூரை, கிருஷ்ணகிரி

மீடியா_கிருஷ்ணகிரி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க சபைக்கு ஞாயிறு 180 பேர் வரைக்கும் வர்றாங்க. செய்தி நேரத்துல ரெண்டு மூணு கேள்வியைத் திரையில போட்டு, ஜனங்க ஃபோன்ல பதில் சொல்ற மாதிரி செய்யணும்னு பாஸ்டர் ஐயா சொல்றார். ஜெப விண்ணப்பமும் அப்படியே வாங்கணுமாம். இருக்கிறது ஒரு லேப்டாப், புரொஜெக்டர், 8-க்கு 6 அடி திரை, ஆபீஸ் ரூம்ல ஒரு வீட்டு வைஃபை ரூட்டர். தகரக் கூரை, உள்ளே சிக்னல் சுமார்தான். இப்படி ஃபோன்ல பதில் வாங்கித் திரையில காட்டுற மென்டிமீட்டர் தளம் போதுமா? பாதிப் பேர் 50 வயசு தாண்டினவங்க, தெலுங்கு பேசுற குடும்பங்களும் உண்டு. 2,000 ரூபாய்க்குள்ள முடியணும்.

ஒசூர்_சவுண்ட்டெஸ்க்:
பிரதர், மென்டிமீட்டர் இலவசக் கணக்குல மாசத்துக்கு 50 பேர்தான் கணக்கு. முதல் ஞாயிறே தீர்ந்துடும். அதே மாதிரி இன்னொரு தளமான ஸ்லைடோ இலவசத்துல ஒரு நிகழ்ச்சிக்கு 100 பேர், 3 கேள்வி. அதுவும் உங்களுக்குப் பத்தாது. வாட்ஸ்அப் குரூப்ல போல் (வாக்கெடுப்பு) போடலாம்னு யாராவது சொல்வாங்க, வேண்டாம்: யார் எதுக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு குரூப்ல எல்லாருக்கும் தெரியும். "இந்த வாரம் வேதம் வாசிச்சீங்களா"ன்னு கேட்டா ஒருத்தரும் உண்மை சொல்ல மாட்டாங்க.

கூகுள் ஃபார்ம்ஸ் (இணையக் கேள்விப் படிவம்) எடுத்துக்கோங்க. ஆள் கணக்கு கிடையாது. செட்டிங்ஸ்ல ரெண்டு விஷயம் பார்க்கணும். மின்னஞ்சல் சேகரிக்கிறதை நிறுத்துங்க. "ஒருவருக்கு ஒரு பதில்" அப்படிங்கறதையும் நிறுத்துங்க, அது இருந்தா கூகுள் லாகின் கேட்கும். பாஸ்வேர்டு மறந்த பெரியவங்க அத்தனை பேரும் அங்கேயே நின்னுடுவாங்க. ஒருத்தரே ரெண்டு தடவை அழுத்தினா அழுத்தட்டும், இது எலெக்‌ஷன் இல்லை.

கியூஆர் கோடைத் திரையில போட்டா பின்வரிசைக்கு வேலை செய்யாது. ஸ்கேன் பண்ற தூரத்துல பத்துல ஒரு பங்கு அகலம் கோடுக்கு இருக்கணும்கிறது பொதுக் கணக்கு. 50 அடி தள்ளி உட்கார்ந்தவருக்கு 5 அடி கியூஆர் கோடு வேணும், உங்க திரையே 6 அடி உயரம்தான். ஜன்னல் வெயில் விழுந்தா கறுப்பும் சாம்பலாத் தெரியும், கேமரா எடுக்காது. அதனால 7 செ.மீ. அளவுல காகிதத்துல அடிச்சு ஒவ்வொரு பெஞ்சு முதுகுலயும் ரெண்டு ஒட்டுங்க. கோட்டைச் சுத்தி வெள்ளை ஓரம் விடணும், அதை அலங்காரம் பண்ணி அடைச்சுடாதீங்க.

வாரா வாரம் புதுக் கோடு அடிக்க வேண்டாம். கூகுள் சைட்ஸ்ல ஒரே ஒரு வலைப்பக்கம் இலவசமா செஞ்சு, அந்த முகவரிக்குக் கோடு அடிச்சிருங்க. சனிக்கிழமை அந்தப் பக்கத்துல அந்த வார ஃபார்ம் லிங்க்கை மட்டும் மாத்தினா போதும். "டைனமிக்" கோடு (அடிச்ச பிறகும் அது போற முகவரியை மாத்தக்கூடியது) தர்ற தளங்கள் பக்கம் போகாதீங்க. சிலதுல ட்ரையல் முடிஞ்சதும் கோடு செத்துப் போகும், பெஞ்சுல ஒட்டினது எல்லாம் வீண்.

தர்மபுரி_நெட்வொர்க்:
சிக்னல் விஷயம் தனி. வீட்டு ரூட்டர் ஒண்ணுல 25, 30 ஃபோன் தாண்டினாலே திணறும். 180 பேருக்கு வைஃபை குடுக்கணும்னா நாலு அக்சஸ் பாயின்ட்டாவது (வைஃபை பரப்புற கருவி) வேணும், 2,000-ல நடக்காது. ஜனங்க தங்கள் 4ஜியிலயே போகட்டும். சனிக்கிழமை ராத்திரி காலி ஹால்ல டெஸ்ட் பண்ணி "நல்லா வருது"ன்னு நம்பாதீங்க. ஞாயிறு அதே மணிக்கு, கூட்டம் உட்கார்ந்த பிறகு நாலு மூலையிலயும் பாருங்க. 180 ஃபோனும் ஒரே நிமிஷம் ஒரே டவரைத் தட்டும், அதோட தகரம் வேற சிக்னலைத் தடுக்கும். அதனால பக்கத்தைப் பாட்டு நேரத்துலயே திறந்து வைக்கச் சொல்லுங்க. ஃபார்ம்ல படம், வீடியோ எதுவும் வேண்டாம்.

ரூட்டரை லேப்டாப்புக்கு மட்டும் வெச்சுக்கோங்க, கேபிள் போட்டு. கரண்ட் போனா ரூட்டரும் போகும்: 12 வோல்ட் ரூட்டர் யுபிஎஸ் (பேட்டரி பேக்கப்) ஒண்ணு வாங்குங்க. உங்க பணத்துல செலவழிக்கத் தகுந்தது அதுதான்.

பங்கு_ஞாயிறுவகுப்பு:
நாங்க கத்தோலிக்கப் பங்கு. திருப்பலிக்குள்ள ஃபோன் எடுக்கச் சொல்றது எனக்குச் சரியாப் படலை, மறைக்கல்வி வகுப்புக்குத்தான் ஒத்து வரும். அங்கே பிளிக்கர்ஸ்ங்கற அட்டை முறை ஆப் நல்லது. பிள்ளைங்க கையில ஃபோனே வேண்டாம், ஆசிரியர் கையில ஒண்ணு போதும். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு எண், நாலு பக்கத்துக்கும் சின்னதா ஏ, பி, சி, டி எழுத்து. பதில் எழுத்து மேல வர்ற மாதிரி பிடிச்சா கேமரா படிச்சுக்கும். 40 அட்டை செட்டும் 63 அட்டை செட்டும் பிரிண்ட் எடுக்கலாம். பளபள லேமினேஷன் போடாதீங்க, டியூப்லைட் மின்னி அட்டை படியாது. கறுப்புக் கட்டத்தை விரல் மறைச்சாலும் அதே கதை.

180 பேர் ஆராதனைக்கு இது எட்டாது. ஃபோன் இல்லாத பெரியவங்களுக்கு மூணு கலர் சார்ட் அட்டை குடுங்க, மேடையிலிருந்து கண்ணாலயே கணக்குத் தெரியும்.

மீடியா_கிருஷ்ணகிரி:
ரொம்ப நன்றி. வார்த்தை மேகம் மாதிரி, ஆளுக்கு ஒரு சொல் டைப் பண்ணி, அதிகம் பேர் அடிச்ச சொல் திரையில பெருசாத் தெரியறது வைக்கலாமா? தெலுங்குக்கு என்ன செய்றது?

ஒசூர்_சவுண்ட்டெஸ்க்:
தமிழ்ல வார்த்தை மேகம் சொதப்பும். ஒருத்தர் ஜெபம்னு அடிப்பார், ஒருத்தர் செபம்னு, இன்னொருத்தர் இங்கிலீஷ் எழுத்துல. மூணையும் மூணு சொல்லா எண்ணி எல்லாம் குட்டியாத் தெரியும். நாலு விடை குடுத்துத் தொடச் சொல்லுங்க. வீட்ல தெலுங்கு பேசினாலும் தமிழ்ல படிச்சவங்களா இருந்தா தமிழ் எழுத்தே போதும், கேள்வியை மட்டும் ரெண்டு மொழியிலும் வாயால சொல்லுங்க. தெலுங்கு மீடியத்துல படிச்சவங்க இருந்தா விடைக்கு 1, 2, 3 எண் போட்டுருங்க.

ஒரு செய்திக்கு ரெண்டு கேள்வி போதும். ஒவ்வொண்ணுக்கும் ஒன்றரை நிமிஷம், அதுக்குள்ள பாஸ்டர் பேசக் கூடாது, கீபோர்டு மெதுவா வாசிக்கட்டும். கடைசி கேள்வி முடிஞ்சதும் "ஃபோனைக் கவிழ்த்து வையுங்க"ன்னு மேடையிலிருந்தே சொல்லணும். இல்லேன்னா மிச்ச செய்தி முழுக்க வாட்ஸ்அப்தான்.

ஜெப விண்ணப்பத்துக்குத் தனி ஃபார்ம், அது திரைக்கே போகக் கூடாது. வியாதி, கடன், வீட்டுச் சண்டை எல்லாம் பேரோட எழுதுவாங்க. பதில் வர்ற ஷீட்டைப் பாஸ்டருக்கும் ஜெபக்குழுவுல ஒருத்தருக்கும் மட்டும் ஷேர் பண்ணுங்க. லேப்டாப்புல விண்டோஸ் விசையோட பி அழுத்தி "எக்ஸ்டெண்ட்" வெச்சுக்கோங்க, அப்போ லேப்டாப்புல ஒண்ணும் திரையில வேறொண்ணும் காட்டலாம். ரெண்டுலயும் ஒண்ணே தெரியற "டூப்ளிகேட்"ல விட்டா நீங்க ஷீட்டைத் திறக்கிற நிமிஷம் சபை முழுக்க வாசிக்கும்.