கார் வந்தபோது இருந்த அதே ரயர், 31,000 கி.மீ.தான் ஓடியது. மாற்ற வேணுமா?

கோப்பாய்_வாகன்:
அண்ணைமார், அக்காமார், ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் நிற்பது 2018 வாகன் ஆர். ஜப்பானில் இருந்து வந்தபோது பூட்டியிருந்த அதே நாலு ரயர்தான் இன்றைக்கும். ஓடியது 31,000 கிலோமீற்றர். கொரோனாக் காலத்தில் முற்றத்தில் மாமரத்துக்குக் கீழே நின்றது. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். கோட்டாவில் அளந்து கிடைத்ததை அப்பா மருந்துப் போத்தல் மாதிரிப் பத்திரப்படுத்தினார், அப்போதும் கார் நின்றது.

போன கிழமை காற்றடிக்கப் போன இடத்தில் ஒரு பெடியன் ரயரின் பக்கத்தைப் பெருவிரலால் அமத்திக் காட்டினான். தலைமயிர் போல வெடிப்புகள். "நாலையும் மாத்துங்கோ அண்ணை" என்றான். அப்பாவுக்குக் கோபம். "தவாளிப்பு புதுசு மாதிரிக் கிடக்கு, உவங்கள் விக்கப் பாக்கிறாங்கள்" என்கிறார். இரண்டு கிழமையில் அக்கா கனடாவில் இருந்து வருகிறா. கட்டுநாயக்கா விமான நிலையம் போய் வர எழுநூறு கிலோமீற்றருக்கு மேல். யார் சொல்வதைக் கேட்பது?

சுன்னாகம்_72:
31,000க்கு ரயர் மாற்றுவதா? என்னுடைய அக்சியோ கொம்பனி ரயரிலேயே 52,000 ஓடியது. அடிமட்டத்தைத் தவாளிப்புக்குள் வைத்துப் பாரும். 1.6 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் பேசாமல் ஓடும்.

பழைய_கராஜ்காரர்:
தம்பி, மேலே சொன்னவர் சொன்னது பாதிதான். ரயர் தேய்ந்தும் முடியும், வயது போயும் முடியும். 1.6 என்பது தேய்மானக் கணக்கு. தவாளிப்புக்குள்ளே குறுக்காகச் சின்ன மேடுகள் இருக்கும், ரயரின் மேற்பரப்பு அதோடு சமமாக வந்தால் கதை முடிந்தது. மாரி மழையில் ஓடுகிறவன் அதுவரைக்கும் காத்திருக்கக் கூடாது, 3 மில்லிமீற்றருக்கு வரும்போதே யோசிக்க வேணும். தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தத் தவாளிப்புத்தான்.

உமக்கு இருப்பது வயதுப் பிரச்சினை. ரயரின் பக்கத்தில் டொட் (DOT) என்று தொடங்கும் எழுத்துக் கோவை இருக்கும். அதன் கடைசி நாலு இலக்கத்தைப் பாரும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. கார்க் கொம்பனிகள் பல ஆறு வருஷத்தில் மாற்றச் சொல்கின்றன. மிச்செலின் போன்ற ரயர்க் கொம்பனி, ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம் கழற்றிப் பார்க்கச் சொல்லி, பத்து வருஷத்தைக் கடைசி எல்லையாக வைத்திருக்கிறது. எங்கள் வெயிலில் நான் யாருக்கும் பத்து சொல்ல மாட்டேன்.

"ஓடவே இல்லை, அப்ப ஏன் பழுதாகுது?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். ரப்பருக்குள் வெடிப்பைத் தடுக்கும் மெழுகும் மருந்தும் கலந்திருக்கிறார்கள். ரயர் ஓடி நெளியும்போது அது கூடுதலாக மேலே கசிந்து வந்து தோலைக் காப்பாற்றும். நின்ற கார் ரயர் காய்ந்து போகும். மரநிழல் வெயிலைத்தான் மறைக்கும், காற்றில் உள்ள ஓசோனை மறைக்காது.

ஒரு வேலை செய்யும். ஸ்ரியறிங்கை முழுக்கத் திருப்பி, முன் ரயரின் உள் விளிம்பைக் கையால் தடவிப் பாரும்.

கோப்பாய்_வாகன்:
நன்றி ஐயா. வெளிப்பக்கம் முன் இரண்டிலும் திகதி இல்லை. இரவு மழை விட்ட பிறகு சாக்கை விரித்து, போன் லைற்றோடு காருக்குக் கீழே படுத்தேன். திகதி உள்பக்கம்தான் இருந்தது: 1118. நாலும் அதேதான்.

உள் விளிம்பு... வெளியே நின்று பார்த்தால் தவாளிப்பு புதுசு. உள்ளே இரண்டு விரல் அகலத்துக்கு மொட்டை. மேடும் இல்லை, தவாளிப்பும் இல்லை, சவர்க்காரம் மாதிரி வழுவழு. அப்பாவைக் கூப்பிட்டுத் தடவச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

சுன்னாகம்_72:
சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். உள்பக்கம் யார் பார்த்தது!

பழைய_கராஜ்காரர்:
அந்த மொட்டை வயதால் வந்ததில்லை, அலைன்மென்ற். எந்தக் கிடங்கில் விழுந்ததோ, முன் சில்லு இரண்டும் சரியான கோணத்தில் நிற்கவில்லை. புது ரயரைப் போட்டு அலைன்மென்ற் பார்க்காமல் விட்டால் அதையும் அப்படியே தின்னும். ரயரின் இரண்டு ஓரங்களும் சேர்ந்து தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்றுக் கூட. காற்றைக் காலையில் ஓட முதல் பார்க்க வேணும், அளவு சாரதிக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும்.

வாங்கும்போது 155/65ஆர்14 என்ற அளவோடு பக்கத்தில் உள்ள 75எஸ்ஸையும் (தாங்கும் பாரம், வேக எல்லை) பாரும், அதற்குக் குறையக் கூடாது. திகதியையும் கேளும். புதுசு என்று அடுக்கியிருப்பதிலும் பழசு இருக்கும். கொம்பனி ரயரை விட இது கூட நாள் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கார்க் கொம்பனி ரயரைத் தெரிவு செய்வது பெற்றோல் மிச்சத்துக்கும் சத்தம் குறையவும்தான்.

நெல்லியடி_ரீச்சர்:
காசு இறுக்கம் என்றால் தேய்ந்த முன் இரண்டை மட்டும் மாற்றலாமா ஐயா? எனக்கும் இதே நிலைமை.

பழைய_கராஜ்காரர்:
இரண்டுதான் என்றால் புதுசைப் பின்னுக்குப் போட்டு, பின்னுக்கு இருந்ததை முன்னுக்குக் கொண்டு வாங்கோ ரீச்சர். எல்லாரும் மறுத்துச் சண்டைக்கு வருவார்கள். மழையில் முன் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துப் பிடித்துவிடலாம், பின் வழுக்கினால் கார் சுழலும். ஆனால் தம்பியின் காரில் நாலும் ஒரே வயது. அவருக்கு நாலும்தான்.

வவுனியா_மருமகள்:
ஒன்று சொல்கிறேன். ஜப்பான் வாகன் ஆரில் பெரும்பாலும் ஸ்பெயார் வீல் இருக்காது, பார்த்தீர்களா? எனக்கு அது ஓமந்தை தாண்டி, இரவு ஒன்பதரைக்குத்தான் தெரிந்தது. டிக்கியின் மட்டைக்குக் கீழே சின்னக் காற்றடிக்கும் மெசினும் ஓட்டை அடைக்கும் பசைப் போத்தலும் இருந்தன. போத்தலின் திகதி முடிந்து இரண்டு வருஷம். குலுக்கினால் உள்ளே கட்டி உருளும் சத்தம். பிறகு ஒரு லொறிக்காரர்தான் உதவினார்.

கோப்பாய்_வாகன்:
உங்கள் கதையைப் படித்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். என் போத்தலும் காலாவதி.

நேற்று நாலும் மாற்றியாச்சு. முதலில் கொண்டுவந்த அடுக்கில் இரண்டு ரயர் மூன்று வருஷப் பழசு. திகதியைக் காட்டினேன், கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் வேறு இரண்டை உருட்டி வந்தார். கழற்றிய ரயர் ஒன்றை அவர் காலால் மிதித்து வளைத்தார். தலைமயிர் என்று நான் நினைத்த வெடிப்பு வாய் திறந்த மாதிரி விரிந்தது. அப்பா அதைக் குனிந்து கனநேரம் பார்த்தார். அலைன்மென்ற்றும் பார்த்தாச்சு. புதுப் போத்தலும் பழைய உருப்படியான றிம்மில் ஒரு ரயரும் டிக்கியில்.

பழைய நாலையும் கடையிலேயே விட்டுவிட்டு வந்தோம். அப்பா ஒன்றைக் கிணற்றடிக்கு வேணும் என்றார். அம்மா விடவில்லை, தண்ணி தேங்கி நுளம்பு வந்தால் டெங்கு என்று பி.எச்.ஐ. (சுகாதாரப் பரிசோதகர்) வந்து எழுதிவிடுவார் என்றா. நாளைக்கு விடிய நாலு மணிக்கு வெளிக்கிடுகிறோம், முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் மிச்சம்.