மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்: ஆடியோகிராம் சரி, பேச்சு மட்டும் பிடிபடவில்லை

கேள்வி:
வணக்கம். என் மனைவிக்கு நான்கு ஆண்டுகளாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளின் உறை சிதையும் நோய்) இருக்கிறது. சில மாதங்களாக, மிக்ஸி ஓடும்போதும் உறவினர்கள் கூடிப் பேசும்போதும், குரல் காதில் விழுகிறது, சொல்தான் பிடிபடவில்லை என்கிறார். சென்ற வாரம் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டேன், "அப்பவே பூட்டியாச்சு" என்று கதவைக் காட்டினார். ஆடியோகிராம் எடுத்த இடத்தில், காது நன்றாக இருக்கிறது, கவனக்குறைவாக இருக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சொல்லால் மிகவும் மனம் நொந்துபோயிருக்கிறார். நோயால் இப்படி வருமா?

மறுமொழி (செவித்திறன் பரிசோதகர்):
வரும். தயவுசெய்து அதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என அவரிடம் சொல்லுங்கள். அமைதியான அறையில் எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்பதைத்தான் ஆடியோகிராம் முதன்மையாக அளக்கிறது. இந்நோயில் பெரும்பாலும் உட்காது கெடுவதில்லை. செவிநரம்பு மூளைத்தண்டில் நுழையும் இடத்திலோ அதற்கு அப்பாலோ நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை சிதைவதால், ஒலிச்செய்தி தாமதமாகவும் ஒழுங்கு குலைந்தும் மூளையைச் சேர்கிறது. ஓர் ஒலி இரு காதுகளையும் எட்டும் நேர வேறுபாடு ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்க மூளைக்கு அந்த நுண்ணிய கணக்கு மிகவும் தேவை.

பெரா பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். தலையில் மின்முனைகளை ஒட்டி, காதில் 'கிளிக்' ஒலி கொடுத்து, 10 மில்லிநொடிக்குள் செவிநரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின்னலைகளைப் பதிவு செய்வார்கள். முதல் அலைக்கும் ஐந்தாம் அலைக்கும் இடைவெளி ஏறத்தாழ 4 மில்லிநொடி. அது நீண்டிருந்தால் செவிநரம்பிலோ மூளைத்தண்டிலோ தாமதம் இருக்கிறது என்று பொருள். பெரா இயல்பாக வந்தாலும் விட்டுவிடாமல், இரைச்சலுக்கிடையே பேச்சை அறியும் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள்.

மறுமொழி (இந்நோயுடன் வாழ்பவர்):
எனக்கு ஒருநாள் காலையில் வலக்காது அடைத்துக்கொண்டது. கைப்பேசியை அந்தக் காதில் வைத்தால், தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. சளி என்று நினைத்து நான்கு நாள்களை வீணாக்கியதை எண்ணி இன்றும் வருந்துகிறேன். எம்.ஆர்.ஐ. பார்த்தபின் மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஏற்றினார்கள். சில வாரங்களில் பெரும்பகுதி திரும்பியது. இப்படித் திடீரென்று கேட்காமல் போவது இந்நோயில் அரிதுதான், ஆனால் வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெயிலில் அலைந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ எனக்குப் பேச்சு மங்கும், உடல் குளிர்ந்ததும் தெளியும். உங்கள் மனைவிக்கும் அப்படி இருக்கிறதா என்று கவனித்துக் குறித்து வையுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மறுமொழிகளை அவரே இருமுறை படித்தார். வெயில் ஏறும் மதிய நேரத்தில்தான் தொல்லை அதிகம் என்று இப்போதுதான் சொல்கிறார். திங்கட்கிழமை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கிறோம். அதுவரை மிக்ஸியை நிறுத்திவிட்டு, அவர் முகத்துக்கு நேரே நின்று பேசுகிறோம்.