ஜப்பானில் ஒரு மாதம்: ஃபூஜி மலையில் இரவெல்லாம் ஏறுவதா, குடிலில் தங்கி ஏறுவதா?

வெண்முகில் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வரும் கோடையில் ஜூலை 8 முதல் ஆகஸ்ட் 7 வரை நானும் என் 17 வயது மகனும் ஜப்பானில் இருக்கப் போகிறோம். முதல் இரண்டு வாரம் டோக்கியோ, அடுத்து கனசாவா, கடைசியில் கியோட்டோ என்று அவசரமில்லாமல் சுற்றுவதாகத்தான் எண்ணியிருந்தோம். இப்போது ஃபூஜி மலை உச்சியில் நின்று சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்ற ஆசை மகனைப் பிடித்துக்கொண்டது. மாலைப் பேருந்தில், மலையின் நடுவழியில் பேருந்து நின்றுவிடும் ஐந்தாம் நிலையத்துக்குப் போய், இரவு முழுவதும் ஏறி, விடியலைப் பார்த்துவிட்டுக் காலையிலேயே இறங்கிவிட்டால் மலைக்குடிலுக்குக் கொடுக்கும் காசு மிச்சம் என்பது அவன் கணக்கு. குடிலில் எப்படியும் தூக்கம் வராதாம். தூங்காமல் படுத்திருப்பதற்கு எதற்காகப் பணம் என்று கேட்கிறான்.

எனக்கு வயது 46. தினமும் காலையில் 5 கிலோமீட்டர் நடக்கிறேன். மலை என்று ஏறியதெல்லாம் படிக்கட்டு உள்ள சிறு குன்றுகள்தான். ஏறுவதில் பயமில்லை, ஆனால் இறங்கும்போது இடது முழங்கால் முரண்டு பிடிக்கும். இந்த நிலையில் நாங்கள் இருவரும் தனியாக ஏறுவது சரியா, குடிலில் தங்கித்தான் ஆக வேண்டுமா, நான்கு பாதைகளில் எது எங்களுக்குப் பொருந்தும், மாதத்தின் எந்தப் பகுதியில் ஏற்றத்தை வைத்துக்கொள்வது என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். ஒரு மாதத்துக்கான பெரிய பெட்டிகளை அந்த இரண்டு நாட்களும் எங்கே வைப்பது என்பதும் தெரியவில்லை.

சரளைப்பாதை (மறுமொழி)

வணக்கம், சகோதரி. நான் மூன்று முறை ஏறியிருக்கிறேன். முதல் முறை உங்கள் மகன் போடுகிற அதே கணக்கைப் போட்டுக்கொண்டுதான் போனேன். ஆகவே தம்பியைக் கடிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லை. அப்படித் தங்காமல் ஓரிரவில் ஏறி இறங்குவதை அங்கே 'தங்கான் தொசான்' என்பார்கள்; துப்பாக்கித் தோட்டாவைப் போல ஒரே பாய்ச்சலில் போய் வருவது என்று பொருள். இப்போது அதற்கு வழியை ஏறக்குறைய அடைத்துவிட்டார்கள். யோஷிதா பாதையில் 2024இல் வாயில் அமைத்து, கட்டணமும் நாளொன்றுக்கு 4,000 பேர் என்ற வரம்பும் கொண்டுவந்தார்கள். 2025 கோடையில் நான்கு பாதைகளிலும் ஆளுக்கு 4,000 யென் கட்டணம் என்றும், குடிலில் முன்பதிவு இல்லாதவர்களைப் பிற்பகல் 2 மணி முதல் மறுநாள் அதிகாலை 3 மணி வரை உள்ளே விடுவதில்லை என்றும் ஆக்கினார்கள். விதிகளை ஆண்டுக்கு ஆண்டு திருத்துகிறார்கள் என்பதால் கிளம்புவதற்கு முன் அதிகாரபூர்வத் தளத்தைப் பார்த்துவிடுங்கள். இரண்டு மணிக்கு முன்பே உள்ளே நுழைந்துவிட்டு விடியும் வரை வெளியில் அலையலாமே என்று தம்பிக்குத் தோன்றினால், நள்ளிரவில் 3,000 மீட்டரில் உட்கார்ந்திருப்பது என்றால் என்ன என்பதை மட்டும் சொல்லி வையுங்கள்.

காசை விட்டுவிடுவோம், குடிலுக்கான உண்மையான காரணம் காற்று. பேருந்து விடும் யோஷிதா ஐந்தாம் நிலையம் சுமார் 2,300 மீட்டர், உச்சி 3,776 மீட்டர். உச்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். பையில் ஒரு சிப்ஸ் பொட்டலம் வைத்திருங்கள். பேருந்திலிருந்து இறங்கும்போதே அது ஊதிப் பலூன் மாதிரி நிற்கும். வெளியழுத்தம் குறைந்திருப்பதைக் கண்ணால் பார்க்க அதைவிட எளிய கருவி இல்லை. நான் தங்காமல் ஏறிய அன்று 3,200 மீட்டர் வரை தெம்பாக வந்தேன். அதற்கு மேல் பின்மண்டையில் வலி தொடங்கி, கால் மணி நேரத்தில் வாந்தி எடுத்து, ஒரு கற்சுவரோரம் குளிரில் சுருண்டு உட்கார்ந்து விடியலைப் பார்த்தேன். 'பார்த்தேன்' என்று மரியாதைக்குச் சொல்கிறேன்; தலையைத் தூக்கவே முடியவில்லை. ஐந்தாம் நிலையத்தில் ஒரு மணி நேரமாவது சும்மா சுற்றிவிட்டு, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் ஏறி, நடுவழியில் சில மணி நேரம் படுத்து எழுந்தால் உடல் பெருமளவு பழகிக்கொள்ளும். தலைவலி கூடிக்கொண்டே போனால் மருந்தைப் போட்டுக்கொண்டு மேலே ஏறக் கூடாது, இறங்க வேண்டும்.

தூக்கம் வராது என்று தம்பி சொல்வது உண்மைதான். ஒரு ஆள் புரண்டு படுக்கவும் இடமில்லாத அகலத்தில் உறக்கப்பைகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். ஐந்தரை ஆறு மணிக்குள் சோறும் குழம்புமாக ஒரு சாப்பாடு, எட்டு மணி வாக்கில் விளக்கணைப்பு, காலை உணவைப் பொட்டலமாக முந்தின இரவே கையில் கொடுத்துவிடுவார்கள். நள்ளிரவு தாண்டியதும் நாலாபுறமும் பிளாஸ்டிக் பைகள் சரசரக்கத் தொடங்கும். ஆனாலும் கூரைக்கடியில், காற்றுப்படாமல், நீட்டிப் படுத்திருந்த அந்த ஐந்து மணி நேரம்தான் உங்களை மேலே கொண்டுபோகும். ஒருவருக்கு உணவோடு 10,000 யென்னுக்கு மேல் ஆகும். அதற்குத் தகுந்த பயன் உண்டு என்பேன்.

பாதையைப் பொறுத்தவரை உங்களுக்கு யோஷிதாதான். குடில்கள் அதிகம், முதலுதவி மையம் உண்டு, கிழக்கு முகமாக இருப்பதால் உச்சியை எட்டாவிட்டாலும் நின்ற இடத்திலிருந்தே உதயம் தெரியும். ஃபூஜினோமியா சுமார் 2,400 மீட்டரில் தொடங்குவதால் தூரம் குறைவு; ஆனால் தென்புறப் பாதை என்பதால் வழியில் உதயம் சரியாகத் தெரியாது. கோதெம்பா 1,450 மீட்டர் அளவில் தொடங்குகிறது. முதல் ஏற்றத்துக்கு அது வேண்டவே வேண்டாம். யோஷிதாவில் 3,100 மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள எட்டாம் நிலையக் குடிலாகப் பாருங்கள். 3,400இல் தங்கினால் காலை நடை குறையும் என்றாலும், முதல் நாளே அவ்வளவு உயரத்தில் படுத்தால் சிலருக்குத் தலைவலி அங்கேயே வந்துவிடும்.

நாள் குறிப்பதில் உங்கள் பயண வரிசையையே திருப்பிப் போடச் சொல்வேன். டோக்கியோ வட்டாரத்தில் மழைப்பருவம் சராசரியாக ஜூலை மூன்றாம் வாரத்தில்தான் முடிகிறது. முதல் இரண்டு வாரத்தை டோக்கியோவுக்குக் கொடுத்தால் மலைக்குக் கிடைப்பது மேகமும் சாரலும்தான். கியோட்டோவிலிருந்து தொடங்கினால் ஜூலை 17 அன்று கியோன் திருவிழாவின் பெரிய தேர் ஊர்வலமும் கிடைக்கும். அடுத்து கனசாவா, கடைசியில் டோக்கியோ. ஜூலை கடைசி வாரத்தில் ஒரு வேலைநாள் இரவு குடில். சனிக்கிழமை இரவுகள் முதலில் நிரம்பிவிடும். புயல் வந்தால் தள்ளிப்போட, பின்னால் மூன்று நான்கு நாட்களைக் காலியாக வைத்திருங்கள். அந்த வாய்ப்பு ஒரு மாதம் தங்குகிறவர்களுக்கு மட்டுமே உண்டு; ஒரு வாரத்துக்கு வருகிறவர்கள் மழையானாலும் ஏறியே தீர வேண்டும் என்று ஏறித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பெட்டிகளுக்கு 'தக்குஹைபின்' என்ற அனுப்பும் சேவை இருக்கிறது. விடுதி வரவேற்பில் கொடுத்தால் அடுத்த விடுதிக்கு, பெரும்பாலும் மறுநாளே, போய்ச் சேர்ந்துவிடும். முதுகுப்பை மட்டும் தோளில் இருக்கட்டும்.

மேகத்துக்குக்கீழ் (மறுமொழி)

நான் கொஞ்சம் எதிர்த் தரப்பில் நிற்கிறேன். ஃபூஜி தொலைவிலிருந்து பார்ப்பதற்கென்றே அமைந்த மலை. ஏறும்போது அது ஓர் எரிமலைச் சாம்பல் மேடு. ஆறாம் நிலையத்துக்கு மேல் மரமில்லை, ஓடையில்லை, கண்ணுக்கு எதிரே முன்னால் போகிறவரின் முதுகுப்பைதான். கடைசி ஒரு மணி நேரத்தில் தலைவிளக்குகள் கோவில் வரிசை போல நின்று நகரும்.

எப்படியும் கனசாவா போகிறீர்கள். அங்கிருந்து அதிவேக ரயிலில் அரை மணிக்குள் தொயாமா. அதன் பின்னால் தாத்தேயாமா மலைகள். கேபிள் ரயிலும் பேருந்தும் மாறி 2,450 மீட்டரில் உள்ள முரோதோ வரை உட்கார்ந்தபடியே போய்விடலாம். ஜூலையிலும் சரிவுகளில் பனித்திட்டுகள் கிடக்கும். மேகமூட்டமான நாளில் பாதையோரப் புதர்களில் ரைச்சோ என்ற பனிக்கோழி குஞ்சுகளோடு மேயும், மனிதரைக் கண்டு ஓடாது. வெந்நீர் ஊற்றுக் குளியல் உள்ள குடில்கள் இருக்கின்றன. மறுநாள் காலை 3,003 மீட்டர் உயரமுள்ள ஓயாமா உச்சிக்கு ஏறினால் மேலே ஒரு சிறு ஆலயம். முழங்காலுக்கு இது எவ்வளவோ தேவலை. தம்பிக்கு ஃபூஜிதான் வேண்டும் என்றால், இதை முதலில் செய்து உடலைப் பழக்கிவிட்டு, நான்கைந்து நாட்களுக்குள் அங்கே போங்கள்.

பழுப்புக்கைக்குட்டை (மறுமொழி)

ஏறுவதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். சகோதரி முழங்காலைப் பற்றியல்லவா கேட்டிருக்கிறார்? நான் இறங்குவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

யோஷிதாவில் இறங்குவதற்குத் தனிப்பாதை. சிவப்பும் கறுப்புமான சரளை கொட்டிய சரிவில் வளைந்து வளைந்து மூன்றரை, நான்கு மணி நேரம் இறங்க வேண்டும். ஒவ்வோர் அடியும் அரையடி சறுக்கும். குதிகாலை ஊன்றி, குறுகிய அடிகளாக, இரண்டு ஊன்றுகோல்களில் எடையைப் போட்டு இறங்கினால்தான் கால் தாங்கும். முழங்காலுக்கு உறை வேண்டுமென்றால் அதைக் கீழே இறங்கத் தொடங்கும்போதே மாட்டுங்கள். வலி வந்த பிறகு மாட்டிப் பயனில்லை. காலணிக்குள் கல் போகாமலிருக்கக் கணுக்கால் உறை கட்டாயம். புழுதிக்கு மூக்கில் கட்டிய என் வெள்ளைக் கைக்குட்டை இறங்கி முடித்தபோது பழுப்பாகிவிட்டது; நான்கு முறை துவைத்தும் அந்த நிறம் போகவில்லை.

முக்கியமான ஓர் இடம் உண்டு. இறங்கும் வழியில் எட்டாம் நிலையத்தருகே பாதை யோஷிதா, சுபாஷிரி (நான்கில் மீதமுள்ள பாதை) என்று பிரிகிறது. வழிகாட்டிப் பலகையில் யோஷிதாவுக்கு மஞ்சள், சுபாஷிரிக்குச் சிவப்பு. தூக்கக் கலக்கத்தில் முன்னால் போன கூட்டத்தைத் தொடர்ந்த நானும் என் மனைவியும் சிவப்பில் இறங்கிவிட்டோம். தவறு தெரிந்தபோது மலையின் கிழக்கு அடிவாரத்தில், 2,000 மீட்டரில், காட்டுக்கு நடுவே நின்றோம். எங்கள் பைகள் யோஷிதா பக்கத்து அடிவாரத்தில், கவாகுச்சிகோ ரயில் நிலையப் பெட்டகத்தில். நாங்கள் நின்ற இடத்திலிருந்து போன பேருந்தோ கோதெம்பா ஊருக்கு. அன்று மாலை வரை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிரிவில் நின்று, நிறத்தைப் பார்த்து, மகனிடமும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிவிட்டு இறங்குங்கள். அதற்குக் கீழே கடை கிடையாது; தண்ணீரை மேலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மழையங்கி. 100 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். டோக்கியோவில் 33 டிகிரியில் வியர்த்துக்கொண்டு கிளம்புகிறவர்கள், விடியற்காலை உச்சியில் 5 டிகிரிக் குளிரையும் அதன் மேல் காற்றையும் எதிர்பார்ப்பதில்லை. மெல்லிய போர்வை மாதிரியான மழையங்கியை அந்தக் காற்று கிழித்துவிடும். மேலும் கீழும் தனித்தனியாக உள்ள மழையுடை வேண்டும். இல்லையென்றால் டோக்கியோவிலேயே வாடகைக்கு எடுக்கலாம்.

வெண்முகில்

மூவருக்கும் மிக்க நன்றி. வரிசையை மாற்றிவிட்டோம்: கியோட்டோ, கனசாவா, தாத்தேயாமாவில் ஓர் இரவு, பிறகு டோக்கியோ. ஜூலை 28, செவ்வாய் இரவுக்குக் குடில் பார்க்கிறேன். 31 வரை வேறு எதையும் வைக்கவில்லை. மகனுக்கு ஒரே குறை, உச்சிக்குப் போய் எரிமலை வாயைச் சுற்றாமல் திரும்பக் கூடாதாம். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? உதயத்துக்கு எத்தனை மணிக்குக் குடிலை விட்டுக் கிளம்ப வேண்டும்?

சரளைப்பாதை

அந்தத் தேதிகளில் சூரியன் 4:40 மணியை ஒட்டி எழும். 3,100 மீட்டரிலிருந்து, கூட்டத்தையும் சேர்த்து, மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டால் ஒன்றரைக்குள் கிளம்ப வேண்டும். வாயைச் சுற்றி வர ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். 3,776 என்ற உயரம் அந்தச் சுற்றின் மறுபக்கத்தில் உள்ள கென்கமினே முனைக்குத்தான் உரியது. யோஷிதா பாதை போய் முட்டும் இடத்துக்கு அல்ல. எனவே தம்பி கேட்பது நியாயமே. ஆனால் காற்று பலமாக இருந்தால் சுற்ற வேண்டாம். உங்கள் முழங்கால் இறங்குவதற்கு வேண்டும் என்பதால், தம்பி சுற்றி வரும் வரை நீங்கள் உச்சிக் குடிலில் சூடாக ஏதாவது குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்பதைப் பிரிவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கழிப்பறைக்கு ஒவ்வொரு முறையும் 200, 300 யென் போட வேண்டியிருக்கும். மாற்றித் தர ஆள் இருக்காது. ஆளுக்குப் பதினைந்து 100 யென் நாணயங்களை, கையுறையோடு எடுக்க முடிகிற வெளிப்பையில் போட்டு வையுங்கள்.