புதுப்பிப்பு: ஜீமேட் 645 எடுத்துவிட்டு 700 சராசரி கேட்கும் வணிகப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாமா?

மட்டக்களப்பிலிருந்து முன்பு கேட்டிருந்தேன்: புதிய ஜீமேட்டில் (எம்பிஏ போன்ற வணிகப் படிப்புகளுக்கான நுழைவுப் பரீட்சை) 645, நான் பார்த்த பள்ளியின் இணையப் பக்கத்தில் சராசரி 700, மறுபடி எழுதவா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது கல்முனை அண்ணா சொன்ன வழிதான்: அந்தச் சராசரி எந்தப் பரீட்சைக்கு உரியது என்று முதலில் பார். பார்த்தேன், பழையதுதான். பழைய பரீட்சை 200 முதல் 800 வரை. 2023 நவம்பரில் வந்த புதியது 205 முதல் 805 வரை. இரண்டுக்கும் அளவுகோல் வேறு. ஜீமேட் நடத்துபவர்களின் ஒப்பீட்டு அட்டவணைப்படி 645 என்பது கிட்டத்தட்ட பழைய 700. மறுபடி எழுதாமலே விண்ணப்பித்தேன். போன கிழமை நேர்முகத்துக்கு அழைப்பு வந்துவிட்டது!

எதிர்பாராத ஒன்று: எனக்குக் கணிதத்தில் 83, தரவுப் பகுதியில் 80. ஆனால் பெர்சன்டைல் தரவில்தான் கூட. பெர்சன்டைல் என்பது நமக்குக் கீழே எத்தனை வீதம் பேர் என்பதுதானே; கணிதத்தில் நிறையப் பேர் நல்லாச் செய்கிறார்கள், அதனால் அதே புள்ளி அங்கே கீழே நிற்கிறது. மொத்தப் புள்ளிக்குக் கணிதம், மொழி, தரவு என்ற மூன்று பகுதியும் சமம். அதனால் கணிதத்தின் பெர்சன்டைலை மட்டும் பார்த்துச் சோர்ந்துபோகாதீர்கள்.

அப்புறம், பெர்சன்டைல் அட்டவணையை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். புள்ளி மாறாது, பெர்சன்டைல் கொஞ்சம் நகரலாம். விண்ணப்பிக்கும் நேரத்தில் உள்ளதையே பாருங்கள்.