உதவி (அவசரம்): எல்.எம்.எஸ்.டபிள்யூ தேர்வுக்குப் பதிய முடியலை

திண்டுக்கல்_பொண்ணு
வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முடிச்சிருக்கேன், மெடிக்கல் அண்ட் சைக்கியாட்ரிக் பிரிவு. இங்க அமெரிக்காவுல சமூகப் பணியாளரா வேலை பார்க்க எல்.எம்.எஸ்.டபிள்யூ லைசென்ஸ் வாங்கணும். ஆறு மாசமா தேர்வுக்குப் படிச்சாச்சு. ஆனா பதியப் போனா அனுமதி இல்லைன்னே வருது. விண்ணப்பத்துல ‘அங்கீகாரம் பெற்ற படிப்பா’ன்னு வேற கேக்குறாங்க. எங்க கல்லூரி நாக் ஏ பிளஸ். ஆமான்னு போட்டுடலாமா? இந்த வாரமே அனுப்பணும், ப்ளீஸ்.

ரவி_ஆஸ்டின்
எந்த மாநிலம்னு சொல்லலையேங்க.

நெல்லைச்சீமை
வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடுற டபிள்யூ.இ.எஸ். நிறுவனத்துக்கிட்ட மதிப்பீடு வாங்கிடுங்க. என் மச்சினிக்கு கனடா போக அதுதான் உதவிச்சு. எந்தப் படிப்புக்கும் அது போதும்.

மலர்_எல்சிஎஸ்டபிள்யூ
தங்கச்சி, படிச்சது இந்தியாவுலயா, அமெரிக்காவுலயா? எந்த வருஷம்? எந்த மாநிலம்? இந்த மூணும் தெரியாம யாரு பதில் சொன்னாலும் தப்பாப் போகும். டெக்சாஸ்லயும் நியூயார்க்லயும் எல்.எம்.எஸ்.டபிள்யூன்னா எம்.எஸ்.டபிள்யூ முடிச்சு தேர்வு எழுதினாக் கிடைக்கிற லைசென்ஸ். மிச்சிகன்ல அதே பேருக்குப் படிப்புக்கு அப்புறம் குறைஞ்சது 2 வருஷத்துல 4000 மணி நேரம் மேற்பார்வையில வேலை பார்த்திருக்கணும். கலிஃபோர்னியாவுல அந்தப் பேரே கிடையாது.

ஓய்வு_பேராசிரியர்
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்பது நல்ல பழக்கம். நாக் என்பது இந்தியாவில் கல்லூரிகளுக்கான தர மதிப்பீடு. அமெரிக்க வாரியங்கள் கேட்பது சி.எஸ்.டபிள்யூ.இ. என்ற சமூகப்பணிக் கல்விக் குழுவின் அங்கீகாரம். முதுகலை முடித்தவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

திண்டுக்கல்_பொண்ணு
மன்னிக்கணும் சார். டெக்சாஸ், டாலஸ் பக்கம். படிச்சது தமிழ்நாட்டுல, 2016.

மலர்_எல்சிஎஸ்டபிள்யூ
சார், அந்த வேறுபாடு எனக்கும் இங்க வந்துதான் தெரிஞ்சுது. எந்த வகுப்புலயும் யாரும் சொல்லித் தரலை.

தங்கச்சி, ‘ஆமா’ன்னு போடாதீங்க. தெரியாமப் போட்டாலும் பொய்த் தகவலாத்தான் பார்ப்பாங்க. வெளிநாட்டுச் சமூகப்பணிப் பட்டத்தை மதிப்பிட சி.எஸ்.டபிள்யூ.இ.யிலயே தனிப் பிரிவு இருக்கு. டெக்சாஸ் கேக்குறது அந்த மதிப்பீட்டைத்தான். டபிள்யூ.இ.எஸ். இதுக்கு உதவாது.

தேர்வுக்குப் பதிய முடியாததுக்குக் காரணம், மாநில வாரியம் உங்க விண்ணப்பத்தைப் பார்த்து அனுமதி கொடுத்த பிறகுதான் தேர்வு நடத்துற ஏ.எஸ்.டபிள்யூ.பி. அமைப்புல பதிய முடியும். டெக்சாஸ்ல மாநிலச் சட்டம் பத்தி ஜூரிஸ்ப்ரூடென்ஸ்னு ஒரு ஆன்லைன் தேர்வும் எழுதணும், கைரேகைச் சோதனையும் உண்டு. ஏ.எஸ்.டபிள்யூ.பி. தேர்வை நான் 2022ல எழுதினப்போ 170 கேள்வி, 4 மணி நேரம். 150 கேள்விக்குத்தான் மதிப்பெண். கட்டணம் 230 டாலர்.

இனி முக்கியமானது. உங்க மதிப்பெண் பட்டியல்ல களப்பணிக்கு மணி நேரம் போட்டிருக்கா? என்னோடதுல ‘களப்பணி 1, 100 மதிப்பெண்’னு மட்டும்தான் இருந்துச்சு. இங்க முதுகலைக்குக் குறைஞ்சது 900 மணி நேரம் எதிர்பார்ப்பாங்க. நம்ம ஊர்க் கணக்குல வாரம் 2 நாள், நாளுக்கு 7 மணி, செமஸ்டருக்கு 15 வாரம்னா 4 செமஸ்டருக்கு 840. கடைசியில 30 நாள் தொடர்ச்சியாப் போற பிளாக் பிளேஸ்மென்ட் 210. ஆக 1050. செஞ்சிருக்கோம், ஆனா எந்தத் தாள்லயும் எழுதலை. கல்லூரி லெட்டர்ஹெட்ல எந்த நிறுவனம், எத்தனை மணி, யாரு மேற்பார்வைன்னு எழுதி வாங்குங்க.

குமார்_சிகாகோ
பேசாம இல்லினாய்ஸ் வந்துடுங்க. இங்க எல்.எஸ்.டபிள்யூங்கிற சமூகப்பணி லைசென்ஸுக்கு 2022லேருந்து அந்தத் தேர்வே இல்லை. அந்தத் தேர்வு நியாயமில்லாதது. 2022ல ஏ.எஸ்.டபிள்யூ.பி. வெளியிட்ட கணக்குப்படியே, அடுத்த நிலையான கிளினிக்கல் தேர்வுல முதல் முறையிலேயே தேறினவங்க வெள்ளையர்ல சுமார் 84 சதவீதம், கறுப்பினத்தவர்ல 45.

ரவி_ஆஸ்டின்
லைசென்ஸுக்காகக் குடும்பத்தையே மாத்தச் சொல்றீங்களா குமார்? ஆமா, வேலை அனுமதி இருக்கா அவங்களுக்கு? கணவரோட வேலை விசாவைச் சார்ந்த ஹெச்4 விசாவா இருந்தா, பொதுவா கணவரோட ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்கான மனு, ஏத்துக்கப்பட்டிருக்கணும். அது வேற, லைசென்ஸ் வேற.

ஓய்வு_பேராசிரியர்
வெளிப்படையாகச் சொல்கிறேன். நம் கல்லூரிகளின் களப்பணியில் மேற்பார்வை மெலிந்துதான் இருக்கிறது. கையெழுத்து வாங்குவதற்காக நிறுவனத்துக்குப் போய்வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்குள்ளவர்கள் கேள்வி கேட்பது நியாயம்தான்.

கண்ணகிநகர்_செல்வி
நான் ரெண்டு வருஷம் கண்ணகி நகர்ல வீடு வீடா ஏறி இறங்கினேன் சார். ராத்திரி 8 மணிக்கு கேஸ் ரெக்கார்டு எழுதுவேன், மறுநாள் காலையில மேடம் சிவப்பு மையில திருத்தித் தருவாங்க. எல்லாரையும் ஒண்ணாச் சேர்த்துப் பேசாதீங்க. குறை நம்ம நாட்டுச் சட்டத்துல. மும்பையில சமூகப்பணி சொல்லித் தர்ற டாடா சமூக அறிவியல் கல்வி நிறுவனம் 1936ல வந்துச்சு, சென்னையில சமூகப்பணிக்குன்னே 1952ல கல்லூரி வந்துச்சு. இன்னைக்கும் சமூகப் பணியாளர்னு சொல்லிக்க லைசென்ஸ் வேணாம். கட்சி பேனர்ல மாலையோட நிக்கிறவரும் ‘சமூக சேவகர்’, நானும் ‘சமூக சேவகி’.

நெல்லைச்சீமை
சேவைன்னு சொன்னா என்னங்க குறைஞ்சு போச்சு? மனசார செய்யறதுக்கு லைசென்ஸ் எதுக்கு?

கண்ணகிநகர்_செல்வி
தற்கொலை எண்ணத்தோட ஒரு பொண்ணு உங்க முன்னால உக்காந்திருக்கும்போது மனசு மட்டும் போதாது அண்ணே. என்ன கேக்கணும், எப்போ டாக்டர்கிட்ட அனுப்பணும்னு படிச்சிருக்கணும். தப்பு செஞ்சா கேள்வி கேக்க ஒரு வாரியம் இருக்கணும்.

மலர்_எல்சிஎஸ்டபிள்யூ
2021ல வந்த துணை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டத்துல மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்களையும் சேர்த்திருக்காங்க செல்வி. அது முழுசா நடைமுறைக்கு வந்தா உங்க கோபத்துக்கு ஒரு வழி பிறக்கும்.

தங்கச்சிக்கு இன்னொண்ணு. டெக்சாஸ்ல எல்.எம்.எஸ்.டபிள்யூ கிடைச்சதும் தனியா கவுன்சலிங் போர்டு மாட்ட முடியாது. அதுக்கு எல்.சி.எஸ்.டபிள்யூங்கிற கிளினிக்கல் லைசென்ஸ் வேணும்: 3000 மணி நேர வேலை, அதுல 100 மணி நேரம் மேற்பார்வை.

ரவி_ஆஸ்டின்
பாப்பா, எங்க போனீங்க? என்ன ஆச்சு?

திண்டுக்கல்_பொண்ணு (12 நாள் கழிச்சு)
மன்னிக்கணும், பையனுக்குக் காய்ச்சல். வேலை அனுமதி இருக்கு அண்ணா. விண்ணப்பம் இன்னும் அனுப்பலை. எங்க ஹெச்.ஓ.டி. ரிட்டயர் ஆயிட்டாங்க. புதுசா வந்தவங்க, களப்பணி டைரி இருந்தா மணி நேரம் போட்டு லெட்டர் தர்றோம்னாங்க. அம்மா பரண்ல ஏறித் தேடி நாலு டைரியையும் எடுத்துட்டாங்க, ஒண்ணு மட்டும் கரையான் அரிச்சிருக்கு. நாளைக்கு அப்பா கல்லூரிக்குக் கொண்டு போறார். மலர் அக்கா, ரொம்ப நன்றி.

வேலூர்_தீபா
அக்கா, எனக்கும் இதே நிலைமைதான், ஆனா நியூ ஜெர்சி. இங்க எல்.எஸ்.டபிள்யூன்னு சொல்றாங்களே, அது நீங்க சொல்ற எல்.எம்.எஸ்.டபிள்யூவா? என் களப்பணி டைரியை கல்லூரியிலயே வாங்கி வச்சுக்கிட்டாங்க. என்ன செய்யறது?